ரீகாவில் ஏழு நாள்: கண்ணால் பாடும் ஊர்

முதல் நாள்: பேராலயத்தின் பக்கவாட்டில்

லாட்வியாவின் தலைநகர் ரீகா. விமான நிலைய வாசலில் 22ஆம் எண் பஸ் நிற்கும். தௌகவா ஆற்றைக் கடந்து பழைய ஊரின் ஓரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து டோம் பேராலயத்துக்குப் பொடிநடை. வருகிறவர்கள் எல்லோரும் பேராலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாட்டைத் தேடி ரீகாவுக்கு வருகிறவர் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும் சின்னச் சதுக்கத்துக்குப் போகவேண்டும். அங்கே ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. யோஹான் காட்ஃப்ரீட் ஹெர்டர் என்ற ஜெர்மானியர். 1764 முதல் 1769 வரை இந்தப் பேராலயத்துப் பள்ளியில் வாத்தியார். வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபது.

அந்தக் காலத்தில் ரீகாவில் படித்தவர் பேச்சு ஜெர்மன். லாட்விய மொழி என்பது வண்டிக்காரர், வேலைக்காரப் பெண்கள், வயல்காட்டுக் கொத்தடிமைகளின் பேச்சு. அவர்கள் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்ட முதல் பெரிய ஆள் ஹெர்டர். பின்னால் 1778, 79இல் பல நாட்டுப் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டபோது லாட்வியப் பாட்டுகளையும் எஸ்தோனியப் பாட்டுகளையும் சேர்த்தார். ‘ஃபோல்க்ஸ்லீட்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நாட்டுப்புறப் பாடல் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தச் சதுக்கத்தின் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இருக்கிறார். சிலை 1864இல் வைத்தது. அவர் ஊருக்கு வந்து நூறாண்டு ஆனதற்கு.

இனி வரும் நாட்களுக்குச் சில எண்கள் கையில் இருந்தால் நல்லது. 1867 கணக்கெடுப்பில் ரீகாவின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். நூற்றுக்கு 43 பேர் ஜெர்மானியர், 25 பேர் ரஷ்யர், லாட்வியர் 24 பேர்தான். ஆலை வேலைக்குக் கிராமத்திலிருந்து ஆள் வர வர, 30 ஆண்டில் லாட்வியர் முதலிடத்துக்கு வந்தார்கள். 1939இல் ஹிட்லர் அழைத்ததும் பால்டிக் ஜெர்மானியர் மூட்டை கட்டினர். 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில் ஊருக்கு வெளியே ரும்புலா காட்டில் சுமார் 25,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்குப்பின் சோவியத் ஆலைகளுக்கு வந்த ரஷ்யர், பெலாருசியர், உக்ரைனியரால் ஊர் வீங்கியது. 1989இல் ரஷ்யர் 47 விழுக்காடு, லாட்வியர் 36.5. இன்று லாட்வியர் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ரஷ்யர் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. ஒரு நாட்டின் தலைநகரில் அந்த நாட்டுப் பெயர் கொண்ட இனம் பாதிகூட இல்லை. அந்த நாடு தன் அடையாளம் என்று முதலில் கைகாட்டுவதோ சேர்ந்து பாடுவதை.

பேராலயத்தின் ஆர்கன் 1884இல் ஜெர்மனியின் வால்க்கர் நிறுவனம் கட்டி முடித்தது, 6,718 குழாய்கள். பகலில் 20 நிமிடக் குட்டிக் கச்சேரி உண்டு. கேட்டுவிட்டு நகரலாம்.

இரண்டாம் நாள்: ‘அம்மா’ வீடு

மெர்கேல்யா தெரு 13. ரீகா லாட்வியச் சங்கத்தின் கட்டடம். ஊரார் வைத்த செல்லப்பெயர் ‘மாமுல்யா’, அம்மா என்று அர்த்தம். சங்கம் 1868இல் பிறந்தது. முதல் கட்டடம் 1908இல் எரிந்துபோக, இப்போதிருப்பது 1909இல் எழுந்தது. முகப்பின் ஓவியங்கள் யானிஸ் ரோசென்தால்ஸ் வரைந்தவை. முகப்பைப் பார்க்க எதிர்வரிசை நடைபாதையில் நிற்கவேண்டும். அடியில் நின்றால் கழுத்துதான் வலிக்கும்.

1873 ஜூனில் இந்தச் சங்கம் கூட்டியதுதான் முதல் அனைத்து லாட்வியப் பாட்டு விழா. இன்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருவிழாவின் தொடக்கம் அது. 45 குழுக்கள், ஆயிரம் பாடகர்கள். கொடி பிடித்து ஊர்வலம், பேராலயத்தில் பக்திப் பாட்டு, பூங்காவில் மற்ற பாட்டு, குழுக்களுக்குள் போட்டி, கடைசியில் விருந்து. இந்த அமைப்பு மொத்தமும் ஜெர்மானியரிடம் வாங்கியது. 1861இல் இதே ஊரில் ஜெர்மானியர் நடத்திய பாட்டு விழாவின் அச்சு. எசமானின் சட்டையைப் போட்டுக்கொண்டு எசமானுக்கு எதிரில் நின்ற கதை இது. ரீகாக்காரர்கள் இதைச் சொல்ல வெட்கப்படுவதில்லை. நாம் கேட்டால்தான் சொல்வார்கள், அவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டதில் பெரியது நான்கு குரல் அமைப்பு. நம்மிடம் சேர்ந்து பாடுவது என்றால் எல்லோரும் ஒரே ஸ்வரத்தைப் பிடிப்பது. பஜனை அப்படி, பள்ளிக்கூடப் பிரேயர் அப்படி. சி.எஸ்.ஐ. கோயில் கொயரில் நின்றவர்களுக்கு மட்டும் வேறு வழி தெரியும். பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களில் டெனர், பேஸ். ஒரே சொல்லை நான்கு பேரும் ஒரே நேரத்தில் நான்கு ஸ்வரத்தில் சொல்கிறார்கள். மெட்டு பெரும்பாலும் சோப்ரானோவிடம் இருக்கும். ஆல்ட்டோக்காரிக்குப் பல பாட்டுகளில் மூன்று ஸ்வரத்துக்குமேல் வேலை இருக்காது; ஆனால் அந்த மூன்றில் ஒன்று கொஞ்சம் இறங்கினாலும் குழு மொத்தமும் சோர்ந்து ஒலிக்கும்.

கிராமத்து விவசாயிக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார்? வால்கா என்ற சிற்றூரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்திய யானிஸ் சிம்ஸே. அங்கே படித்து வெளியே வந்த லாட்விய, எஸ்தோனிய வாத்தியார்கள் வயலினும் நான்கு குரலும் கற்று, ஊர் ஊராகக் குழு சேர்த்தார்கள். பாட்டு வாத்தியாரும் கணக்கு வாத்தியாரும் ஒரே ஆள். சிம்ஸேயின் பாட்டுத் தொகுப்பில் இரண்டு பிரிவு. ‘வயல் பூக்கள்’ என்பவை லாட்விய நாட்டுப்பாடல்கள், ‘தோட்டப் பூக்கள்’ என்பவை பெரும்பாலும் ஜெர்மன் வரவு. வயல் பூவைப் பறித்துத் தோட்டத்து ஜாடியில் வைத்தார். லாட்வியப் பாட்டு விழா இன்றுவரை செய்வதும் அதைத்தான்.

சிம்ஸேயின் மாணவர் பௌமாஞு கார்லிஸ் 1873 விழாவுக்கு எழுதிய பாட்டு ‘தியெவ்ஸ், ஸ்வேத்தீ லாத்வியு’, ‘இறைவா, லாட்வியாவை வாழ்த்து’. ரஷ்யப் பேரரசின் ஆட்சி நடந்த அப்போது லாட்வியா என்று ஒரு நாடு கிடையாது. அந்தச் சொல்லே ரஷ்ய அதிகாரிகளை உறுத்தியது. 1920இல் இதுவே நாட்டுப்பண் ஆனது.

மூன்றாம் நாள்: இழுப்பறைகள்

ஆற்றின் மறுகரையில் சறுக்குமரம்போல ஏறும் கண்ணாடிக் கட்டடம் தேசிய நூலகம். குன்னார் பிர்கெர்ட்ஸ் வடிவமைப்பு, 68 மீட்டர் உயரம். 2014 ஜனவரி 18 அன்று பழைய நூலகத்திலிருந்து இங்கே சுமார் 14,000 பேர் குளிரில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களைக் கொண்டுவந்தார்கள். ஊரார் இதை ‘கைஸ்மாஸ் பில்ஸ்’, ஒளிக்கோட்டை என்கிறார்கள். அது ஒரு பாட்டின் பெயர். ஐந்தாம் நாளில் அது வரும்.

கட்டடத்தைவிட உள்ளே இருக்கும் ஒரு மர அலமாரிதான் விஷயம். ‘தைனு ஸ்கபிஸ்’, பாட்டு அலமாரி. நாட்டுப்பாடல்களைத் தொகுத்த கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் மாஸ்கோவில் இருந்தபோது 1880இல் தானே படம் வரைந்து கொடுத்துத் தச்சரிடம் செய்வித்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 70 இழுப்பறை, ஒவ்வொன்றுக்குள்ளும் 20 தடுப்பு. தடுப்புக்குள் 3 சென்டிமீட்டர் அகலமும் 11 சென்டிமீட்டர் நீளமுமாகக் கத்தரித்த காகிதத் துண்டுகள் நெருக்கி நிற்கின்றன. நம் பஸ் டிக்கெட்டின் சாயல். ஒரு துண்டுக்கு ஒரு பாட்டு, பொடி எழுத்தில் நாலு வரி. மொத்தம் 2,68,815 துண்டுகள்.

துண்டு இவ்வளவு சின்னதாக இருக்க முடிந்ததற்குப் பாட்டின் அளவுதான் காரணம். ‘தைனா’ என்ற லாட்விய நாட்டுப்பாட்டு பெரும்பாலும் நாலே வரி. ஒரு வரிக்கு எட்டு அசை, நான்காவது அசைக்குப்பின் ஒரு வெட்டு. லாட்வியச் சொற்களில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் தாளம் தானாக நடக்கும்: பூத்-வே-யி-ஞி / ட்ஸென்-லை-வி-ஞு. நாலு வரிக்குள் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு மாமியார் ஏச்சு எல்லாம் அடங்கிவிடும். ராஜாவும் போரும் மிகக் குறைவு. சூரியன், குதிரை, அனாதைப் பெண், பார்லி இவைதான் திரும்பத் திரும்ப.

துண்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் பரோன்ஸின் பெரிய தலைவலி. ஒரே பாட்டு நூறு ஊரிலிருந்து நூறு விதமாக வந்திருக்கும். ஒன்றைத் தாய்ப்பாட்டாக வைத்து மற்றதை அதன்கீழ் வேறுபாடுகளாக வைத்தார். பெரிய வரிசைக்கு மனித வாழ்க்கையையே எடுத்துக்கொண்டார்: பிறப்பு, குழந்தைப் பருவம், இளமை, கல்யாணம், முதுமை, சாவு. 1894 முதல் 1915 வரை அச்சில் வந்தவை 2,17,996 பாடல்கள். யூரோ வருவதற்குமுன் லாட்வியாவின் 100 லாட்ஸ் நோட்டில் இருந்த முகம் இவருடையது. அரசர், தளபதி யாரும் கிடையாது. காகிதம் கத்தரித்த மனிதர்.

ஒரு குறை சொல்லியாகவேண்டும். துண்டில் சொல் மட்டும்தான் இருக்கிறது, மெட்டு இல்லை. அந்தப் பாட்டுகள் கிராமத்தில் நான்கு குரலில் பாடப்பட்டவையும் இல்லை. மேற்கே அல்சுங்கா பக்கம் சுயிதி என்ற சமூகத்துப் பெண்கள் இன்றும் பழைய முறையில் பாடுகிறார்கள். ஒருத்தி வரியைச் சொல்ல, இன்னொருத்தி அதைத் திருப்ப, மற்றவர்கள் ஒரே ஸ்வரத்தை ‘ஏ...’ என்று இழுத்துப் பிடிப்பார்கள். தம்புரா வைத்துக் கேட்டுப் பழகிய காது சட்டென்று வீட்டுக்கு வந்ததுபோல உணரும். 2009இல் யுனெஸ்கோ அவர்கள் பண்பாட்டை அவசரமாகக் காக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதே மரபை நான்கு குரலுக்கு மாற்றிய பெருவிழாவோ ஆரோக்கியமாக இருக்கிறது.

நான்காம் நாள்: ஒத்திகை

ரீகாவில் குழுவில் பாடுகிறவர் பெரும்பாலும் சம்பளம் வாங்குவதில்லை. நர்ஸ், தச்சர், கணக்கர், மாணவி என்று பகலில் வேறு வேலை. செப்டம்பரிலிருந்து மே வரை வாரத்தில் இரண்டு மாலை ஒத்திகை. இசை நடத்துநர் மட்டும் படித்துப் பட்டம் வாங்கிய தொழில்காரர். அவருடைய சம்பளத்துக்கு அரசு மானியம் உண்டு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் விழா பத்தாண்டு தாங்காது. தேசப்பற்றால்தான் இவ்வளவு பேர் பாடுகிறார்கள் என்று பயணப் புத்தகங்கள் எழுதுகின்றன. செவ்வாயும் வியாழனும் மழையிலும் பனியிலும் ஒத்திகைக்கு வருவதைத் தேசப்பற்று என்று சொல்வதானால் சரிதான்.

ஒத்திகை எப்படிப் போகும்? முதல் பதினைந்து நிமிடம் குரலைச் சூடாக்குவது: உதட்டைப் படபடக்கவிட்டு மூச்சு, வாய்மூடி முனகல், அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறும் பயிற்சி. பிறகு ஆண்கள் ஓர் அறை, பெண்கள் ஓர் அறை. புதுப் பாட்டைச் சொல் இல்லாமல் ‘நோ நோ’ என்று ஸ்வரம் மட்டும். கடைசி முக்கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து. நாற்பது பேர் குழுவில் டெனர் ஏழெட்டுப் பேர் இருந்தால் அந்த நடத்துநர் கொடுத்துவைத்தவர்.

துணைக்கருவி இல்லாமல் பாடும்போது சுருதி இறங்குவதுதான் நித்திய வியாதி. ஏறும்போது எட்டாமல் ஏறுவதும், இறங்கும்போது கூடுதலாக இறங்குவதும் மனிதத் தொண்டையின் பழக்கம். ஒரே ஸ்வரம் ஏழெட்டு முறை தொடர்ந்து வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை கீழே போகும். மூன்று பக்கப் பாட்டு முடிந்து இசைக்கவையைத் தட்டிப் பார்த்தால் அரை ஸ்வரம் காணாமல் போயிருக்கும். அடைத்த அறை, களைத்த உடம்பு, உட்கார்ந்தபடி பாடுவது மூன்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். எழுந்து நிற்கச் சொல்வது முதல் மருந்து. சன்னலைத் திறப்பது இரண்டாவது. அதற்கும் அடங்காவிட்டால் அன்றைக்கு மட்டும் அரை ஸ்வரம் ஏற்றித் தொடங்குவார்கள். உடம்புக்குப் பழகிய இடம் மாறியதும் காது விழித்துக்கொள்ளும்.

நீண்ட சொற்றொடருக்கு ஒருவர் மூச்சு போதாது. பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீ வாங்காதே என்பது சட்டம். சொல்லின் நடுவில், உயிரெழுத்தை இழுக்கும்போது ஒலியைக் குறைத்து வெளியேறி, மூச்சை நிரப்பி, அதே ஸ்வரத்தில் சத்தமில்லாமல் உள்ளே வரவேண்டும். கேட்கிறவருக்குக் குழு மூச்சே விடாததுபோல இருக்கும்.

இனி உச்சரிப்பு. ஊரின் இனக்கணக்கு இந்த இடத்தில்தான் ஒத்திகை அறைக்குள் வருகிறது. லாட்விய மொழியில் நம்மைப் போலவே குறில், நெடில் உண்டு. தவறினால் அர்த்தம் கெடும். ‘காஸஸ்’ என்றால் கல்யாணம். அதையே குறிலாக ‘கஸஸ்’ என்றால் வெள்ளாடுகள். ரஷ்ய மொழியில் அழுத்தம் விழும் அசைதான் நீளும், மற்றவை தேயும். ரஷ்யன் பேசி வளர்ந்தவர் லாட்வியப் பாட்டுக்கு வந்தால் முதலில் கல்யாண வீட்டில் ஆடு மேயும். பாட்டில் இதற்கு ஒரு சலுகை இருக்கிறது. எந்த அசை எவ்வளவு நீளம் என்று மெட்டே கட்டிப்போடுகிறது. பேச்சில் பத்தாண்டு ஒட்டாத நெடில் பாட்டில் ஒரு பருவத்தில் ஒட்டிக்கொள்கிறது. தமிழர்களுக்கு இன்னொரு வசதி: ஐரோப்பியர் பலர் தடுமாறும் ஒலி ஒன்று நம் ‘ஞ’தான். ‘லைவிஞு’ என்றால் குட்டிப் படகை. ‘ஞு’வை ‘ன்யு’ என்று உடைக்காமல் ஒரே ஒலியாகச் சொல்ல நமக்குப் பயிற்சி வேண்டாம்.

இன்னொரு தொல்லை சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’. லாட்வியத்தில் ஆண்பாற் பெயர்கள் பெரும்பாலும் ஸ்-இல் முடியும். நாற்பது பேர் நாற்பது நேரத்தில் ‘ஸ்’ சொன்னால் குக்கர் ஆவி விட்டதுபோல இருக்கும். எந்தத் தாள அடியில் ‘ஸ்’ விழவேண்டும் என்று எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். சில நடத்துநர்கள் வரிசைக்கு ஒருவரை மட்டும் ‘ஸ்’ சொல்லவிட்டு மற்றவர் வாயை அடைத்துவிடுவதும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் பாடும் மேடையில் இது விளையாட்டில்லை.

குழுக்களை ‘ஸ்கதே’ என்ற தேர்வில் நடுவர்கள் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அதில் தேறினால்தான் பெருவிழா மேடை. பெரிய குழுக்களுக்குள் நடக்கும் போட்டியைச் செல்லமாக ‘குழுப் போர்’ என்கிறார்கள். போர் என்ற சொல்லுக்கு ஏற்பவே நடந்துகொள்வார்கள்.

ஐந்தாம் நாள்: பைன் காட்டு மேடை

11ஆம் எண் டிராம் மெஷபார்க்ஸுக்குப் போகும். மிருகக்காட்சிசாலைப் பக்கம் இறங்கிப் பைன் மரங்களுக்கு நடுவே நடந்தால் பெருமேடை. இந்தக் காட்டுக்கும் பழைய ஜெர்மன் பெயர் ஒன்று உண்டு, கைஸர்வால்ட். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பணக்கார ஜெர்மானியர் தோட்ட வீடு கட்டிய பகுதி. 1943இல் நாஜிகள் அதே பெயரில் இங்கே வதைமுகாம் வைத்தார்கள். டிராமில் போகிறவர் கண்ணுக்கு வீடுகளின் அழகுதான் படும்.

மேடை முதலில் 1955இல் கட்டியது. இப்போதிருப்பது ‘வெள்ளித் தோப்பு’ என்று பெயர் பெற்ற புதிய வடிவம், அவுஸ்த்ரிஸ் மைலீதிஸும் யூரிஸ் பொகாவும் வடிவமைத்தது. பாடகர் நிற்கும் படிகள் மலைச்சரிவுபோல மேலே மேலே போகின்றன. ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் நிற்கலாம். விழா இல்லாத நாளில் போய் மேல்படியில் நின்றால்தான் விஷயம் புரியும்: கீழே நடத்துநரின் மேடை ஒரு தீப்பெட்டி.

இங்கே காதை நம்பினால் கெட்டோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் பாடுவது ஒருவர் காதுக்கு வர 0.3 நொடி. நிமிடத்துக்கு 60 தாள அடி என்ற நிதானமான பாட்டிலேயே அது கால் அடிக்கும் அதிகம். அவர் குரலைக் கேட்டு அதோடு சேர்ந்துகொள்ள நினைத்தால் கால் அடி பின்தங்குவோம். நம்மைக் கேட்பவர் இன்னும் பின்தங்குவார். நாலு வரி போவதற்குள் பாட்டு சேற்றில் மாட்டிய வண்டியாகிவிடும். ஆகவே விதி ஒன்றுதான்: நடத்துநரின் கையைப் பார், காது சொல்வதைப் பொருட்படுத்தாதே. கை காட்டும் கணத்தில் ஒலி வாயை விட்டுப் போய்விடவேண்டும். சின்னக் குழுவில் பல ஆண்டு பக்கத்துக் குரலைக் கேட்டு ஒத்துப் பாடக் கற்றவருக்கு இது தலைகீழ்ப் பாடம். விழாவுக்கு முந்தைய கூட்டு ஒத்திகைகளில் பாதி நேரம் இந்தப் பழக்கத்தை உடைப்பதற்கே போகிறது.

பாட்டு எழுதுகிறவரும் இதை மனதில் வைத்தே எழுதவேண்டும். அடிக்கு அடி இசைவு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறினால் பழைய ஒலியும் புதிய ஒலியும் குழம்பும். நெடிய ஸ்வரங்கள், நிதானமாக மாறும் இசைவு, எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்லும் சொல், நடுநடுவே ஒலி அடங்க இடைவெளி. இந்தப் பாட்டுகளுக்குத் தானாகவே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. அதில் ஒரு பங்கு ஒலியின் வேகத்தால் வந்தது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்.

‘ஒளிக்கோட்டை’ இந்த மேடைக்கென்றே பிறந்ததுபோல ஒலிக்கும். யாசெப்ஸ் வீத்தொல்ஸ் 1899இல் அவுசெக்லிஸின் கவிதைக்கு அமைத்தது. மண்ணுக்குள் மூழ்கிப்போன கோட்டை, அதன் பெயரை யாராவது சரியாகச் சொன்னால் மேலே எழும் என்பது கதை. சோவியத் ஆட்சியில், 1985 விழாவில் அந்தப் பாட்டை நிகழ்ச்சிநிரலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை வழக்கமாக நடத்தும் முதியவர் ஹரால்ட்ஸ் மெத்னிஸுக்கும் மேடை இல்லை. பாடகர்கள் விடவில்லை. அவர் பெயரைக் கத்திக் கூப்பிட்டு மேடையேற்றி, பாடிவிட்டுத்தான் ஓய்ந்தார்கள். ஐந்தாண்டு கழித்து 1990 விழாவில் தடைப்பட்டிருந்த நாட்டுப்பண்ணும் திரும்ப ஒலித்தது.

ஆறாம் நாள்: ஒரே குரல்

மத்தியச் சந்தையைத் தாண்டித் தெற்கே போனால் பழைய மாஸ்கோ புறநகர். மரவீடுகள், ரஷ்யப் பேச்சு, ஆற்றோரம் தங்கக் குமிழ் ஒன்று. அது கிரெபென்ஷிகோவ் வழிபாட்டு இல்லம். 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை சடங்குகளை மாற்றியபோது ஏற்க மறுத்துத் துரத்தப்பட்ட பழைய நம்பிக்கையாளர்கள் 1760இல் இங்கே இடம் பிடித்தார்கள். இவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, சபையிலிருந்தே ஒருவர் வழிநடத்துவார். பெண்கள் தலைக்குத் துணி, முழுப்பாவாடை இல்லாமல் உள்ளே போகமுடியாது. வழிபாட்டு நேரத்தில் வெளியார் ஓரமாக நிற்பதே மரியாதை.

இவர்கள் பாடுவது ஒரே குரல். நான்கு பிரிவு கிடையாது, கருவி கிடையாது. ஐந்து கோட்டு இசைக்குறிப்பும் கிடையாது. கொக்கி கொக்கியாக எழுதிய பழைய குறிகளைப் பார்த்துப் பாடுகிறார்கள். ஒரு கொக்கி ஒரு ஸ்வரத்தையும் காட்டலாம், ஒரு சின்ன சஞ்சாரத்தையும் காட்டலாம். லாட்வியப் பாட்டு ஜெர்மானிய நான்கு குரலை உடுத்திக்கொண்ட அதே ஊரில், அதற்கு நூறாண்டு முன்பே வந்து எதையும் மாற்றாமல் பாடிக்கொண்டிருக்கும் ரஷ்யர்கள். ரீகாவின் ரஷ்யர் எல்லோரும் சோவியத் ரயிலில் வந்திறங்கியவர்கள் என்று நினைப்பவர் இங்கே ஒரு மணிநேரம் நிற்கலாம்.

1991க்குப்பின் சோவியத் காலத்தில் குடியேறியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை. மொழித் தேர்வும் வரலாற்றுத் தேர்வும் எழுதவேண்டும். அந்தத் தேர்வில் நாட்டுப்பண்ணின் வரிகளும் உண்டு. 1990களின் நடுவில் 7 லட்சத்தைத் தாண்டியிருந்த ‘குடிமகன் அல்லாதோர்’ இப்போது 2 லட்சத்துக்கும் கீழே. 2023 செப்டம்பரிலிருந்து மூன்றாண்டில் சிறுபான்மைப் பள்ளிகளின் பாடமும் முழுக்க லாட்விய மொழிக்கு மாறும் என்று சட்டம் வந்தது. இதில் வீட்டுக்கு வீடு கசப்பு இருக்கிறது. பாட்டு விழா அந்தக் கசப்பைக் கரைத்துவிட்டது என்று எழுதினால் அது பொய். குழுவில் சேர இனம் கேட்பதில்லை, குரல்தான் கேட்கிறார்கள். ஆனால் மேடையில் ஒலிக்கும் பாட்டு ஏறக்குறைய எல்லாம் லாட்வியம். உக்ரைனிய, போலிய, ரஷ்யக் குழுக்கள் தங்கள் மொழியில் பாடத் தனிக் கச்சேரிகள் உண்டு, சின்ன இடத்தில். கதவு திறந்திருக்கிறது, வாசல் ஒன்றுதான்.

ஏழாம் நாள்: போகிறவர்களுக்கு

பெருவிழா ஐந்தாண்டுக்கு ஒருமுறை. முதல் விழாவின் 150ஆம் ஆண்டான 2023இல் நடந்தது. அடுத்தது 2028, ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். நிறைவுக் கச்சேரிக்குச் சீட்டு கிடைப்பது கடினம். கூட்டு ஒத்திகைக்கு முயலுங்கள். அதே பாட்டு, அதே பாடகர்கள், நடத்துநர் நிறுத்தித் திட்டுவதும் சேர்த்து. ஊர்வலத்துக்குச் சீட்டே வேண்டாம், மணிக்கணக்கில் போகும். நாற்காலி, தண்ணீர், மழைக்கோட்டு மூன்றும் எடுத்துப் போகவேண்டும். பெரும்பாலான பாடகர்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் படுக்கை விரித்துத் தூங்குகிறார்கள் என்பதால் விடுதி கிடைக்கும், விலைதான் ஏறும்.

உடையைக் கவனித்தால் ஊர் தெரியும். பாவாடையின் கோடும் நிறமும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. தலையில் கிரீடம்போல மணிவளையம் என்றால் கல்யாணமாகாத பெண், தலைத்துணி என்றால் கல்யாணமானவர். சால்வையைப் பிடிக்கும் வெள்ளி ஊசிக்கு ‘சக்தா’ என்று பெயர். பாவாடை, சால்வை எல்லாம் கம்பளி. ஜூலை வெயிலில் பல மணிநேரம் அதற்குள் நிற்பவர்கள் மயங்கி விழுவது உண்டு. முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்காதே, தண்ணீர் குடி என்று குழுத் தலைவர்கள் கத்திக்கொண்டே இருப்பார்கள். தோல் செருப்புக்கு அடிப்பாகம் வழவழ, மழை நனைத்த கல்தெருவில் வழுக்கும்.

நிறைவுக் கச்சேரி முடிந்தாலும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. விடிய விடியக் கூடிப் பாடுவதுதான் வழக்கம். நிகழ்ச்சிநிரல் கிடையாது, யாராவது ஒரு வரி எடுக்க மற்றவர் நான்கு குரலில் சேர்வார்கள். அந்த இரவில் தவறாமல் வருவது ‘பூத், வேயிஞி’, ‘காற்றே வீசு’. நாட்டுப்பண் தடைப்பட்டிருந்த காலத்தில் அதன் இடத்தில் இருந்த பாட்டு, எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இது லாட்வியப் பாட்டாகப் பிறந்ததில்லை; கடலோர மீனவர்களான லீவ் இனத்தாரின் கல்யாணப் பாட்டு. நான்கு குரலுக்கு அமைத்தவர் அந்த்ரேய்ஸ் யுர்யான்ஸ். லீவ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி 2013இல் கனடாவில் இறந்தார்.

வார்த்தை தெரியாத வெளிநாட்டார், ஏதோ தாய்மண் துதி என்று கண்கலங்குவார்கள். பாட்டில் இருப்பது இதுதான்: காற்றே, என் படகைத் தள்ளு, மேற்கே குர்ஸெமே பகுதிக்குக் கொண்டுபோ. அங்கே ஒரு அம்மா தன் பெண்ணைத் தருவதாகச் சொன்னாள். சொன்னாளே தவிர தரவில்லை. நான் பெருங்குடிகாரனாம், குதிரையை விரட்டிக் கெடுப்பவனாம். யார் கடையைக் குடித்துத் தீர்த்தேன்? யார் குதிரையை ஓட்டினேன்? குடித்தது என் காசில், ஓட்டியது என் குதிரையை.

பாடும்போது கடைசி வரியில் ‘குமெலிஞு’ (குதிரையை) என்பதன் ‘உ’வை விழுங்கி ‘குமெலிஞ்’ என்று நிறுத்தவேண்டும். அந்த ‘ஞ்’இல்தான் பேஸ்காரர்கள் கீழே இறங்கி உட்கார்வார்கள்.